முதலில் போனவள்

"அந்த ஆளுக்கு மட்டும் நான் கை கொடுக்க மாட்டேன்" என்றாள் டெல்மா.

அமெரிக்காவின் லோவல் நகரப் பூங்காவில் 'டன்மோர்' கம்ப்யூட்டர் கம்பெனியின் பழைய ஊழியர்கள் கூடியிருந்தார்கள். கம்பெனி படுத்துப் பதினைந்து வருஷமாகியும் பேச்சு அதைப் பற்றித்தான்.

"விமானத்தோட இறக்கையையே நம்ம கம்ப்யூட்டர் பெட்டியிலதானே வரைஞ்சாங்க!"

"வரைஞ்சு என்ன? அடிமாட்டு விலைக்குப் பி.சி. வந்ததும் நம்ம பெட்டியைச் சீண்டக்கூட ஆளில்லையே!"

சிரிப்பு அலை அலையாக எழுந்தது. டெல்மாவும் சிரித்தாள். அடுப்பருகே இறைச்சி புரட்டிக்கொண்டிருந்த தன் பழைய பிரிவுத் தலைவர் ஹோவர்டைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"ஏன்டி, இன்னுமா கோபம்?" என்றாள் பெவர்லி. அந்நாளில் ஆள் சேர்ப்பதும் அனுப்புவதும் அவள் பிரிவுதான்.

"பின்னே? என் பையனுக்கு இதய ஆபரேஷன் வெச்சிருந்த மாசம். அது தெரிஞ்சும் மொத்தப் பிரிவிலும் என்னைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்பினார். மனுஷனா அவர்?"

அன்றைக்கே எல்லோருடைய தொடர்பையும் அறுத்துக்கொண்டு தூரத்து ஓரிகன் மாநிலத்திலிருந்த அக்கா வீட்டுக்குப் போனவள், இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறாள். அந்தப் பையன் அதோ, வளர்ந்த வாலிபனாய்ப் புல்வெளியில் பந்தைத் துரத்தி ஓடிக்கொண்டிருந்தான்.

"ஆபரேஷன் செலவுக்கு என்ன பண்ணினே?"

"அனுப்பும்போது ஒரு வருஷச் சம்பளமும் இன்சூரன்ஸும் கொடுத்தாங்களே. எல்லாருக்கும் கொடுத்ததுதானே?"

"எல்லாருக்குமா? நல்லா கேட்டே! கம்பெனி திவாலானப்போ எங்களையெல்லாம் வெறுங்கையோட அனுப்பினாங்க. ஹோவர்ட் வீட்டையே வித்தார்."

டெல்மா விழித்தாள். "அப்போ எனக்கு மட்டும்..?"

"முதல் தடவை ஆள் குறைச்சப்போ, பிரிவுக்கு ஒருத்தருக்குத்தான் அந்தச் சலுகைன்னாங்க. உங்க பிரிவுல மேலிடம் சொன்னது ஹோவர்டோட பேரை."

"ஹோவர்டையா?"

"ஆமா. 'நான் இருந்துக்கறேன், டெல்மாவை அனுப்புங்க'ன்னு என் முன்னாடிதான் சொன்னார்."

டெல்மா அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஒரு வார்த்தை என்கிட்டே சொல்லியிருக்கலாமே!"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'விட்டுக் கொடுத்தேன்னு தெரிஞ்சா அவ வாங்கிக்க மாட்டா, பெவர்லி. என்னைத் திட்டிக்கிட்டே பையனைக் காப்பாத்தட்டும்'னார்."