சந்திரகலா எப்படி?

"சந்திரகலா உங்க லாட்ஜ்லதானே வேலை பாக்கறாங்க? அவங்களைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும் சார்."

போனில் பேசிய பெண் தன் பெயர் வேதா என்றாள். செங்கம் ரோட்டில் புதிதாகத் திறக்கப்போகும் பெரிய ஹோட்டலுக்கு மேனேஜராம்.

திருமலைக்குப் பகீரென்றது. காலையில் சந்திரகலா, "அரை நாள் லீவு வேணும்ண்ணா" என்று கேட்டபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும். லீவு என்ற வார்த்தையே தெரியாதவள் அவள்.

ரமணாசிரமத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு லாட்ஜ் நடத்துகிறார் திருமலை. நடத்துகிறார் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ரூம் கொடுப்பது, சாவி வாங்குவது, வெந்நீர் வரவில்லை என்று வெள்ளைக்காரர்கள் கத்தினால் அவர்களைச் சிரிக்க வைத்து அனுப்புவது எல்லாம் சந்திரகலாதான். அவள் போய்விட்டால் லாட்ஜை இழுத்து மூட வேண்டியதுதான்.

"டைமுக்கு வந்துடுவாங்களா சார்?"

போன தீபத்தன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். வேங்கிக்காலிலிருந்து அந்தக் கூட்டத்தில் நடந்தே வந்து, அவர் எழுந்திருப்பதற்குள் கேட்டைத் திறந்து வைத்தவள் அவள்.

"அதை ஏன் கேக்கறீங்க? தெனம் நான் வந்துதான் கதவைத் தொறக்கணும்" என்றார் திருமலை.

"வர்றவங்ககிட்ட எப்படி நடந்துக்குவாங்க?"

"கோவம் ஜாஸ்தி. பொறுமை ரொம்பக் கம்மி."

பௌர்ணமியன்று ஒரே ரூமை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு அவர் பின்பக்கமாக நழுவியபோது, 'தப்பு என்னுதுதாங்க' என்று முன்னால் நின்று அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டவள் அவள். அது ஞாபகம் வந்ததும் அவருக்கே கூசியது. ஆனால் ஆரம்பித்தாயிற்று, நிறுத்த முடியவில்லை.

பிறகு வேதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கல்லாவை நம்பி விடலாமா சார்?"

இதில் மட்டும் பொய் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தார். யாரோ தலையணைக்கு அடியில் மறந்துவிட்டுப் போன தங்கச் சங்கிலியை, "கேட்டு வந்தா குடுக்கலாம், விடும்மா" என்று அவர் சொல்லியும் கேட்காமல், விடாமல் போன் போட்டு வரவழைத்துக் கொடுத்தவள் சந்திரகலா. ஆனால் அதைச் சொன்னால் நாளைக்கே கொத்திக்கொண்டு போய்விடுவார்களே!

"நான் எதுவும் சொல்லலம்மா. நீங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்துக்குங்க."

சொல்லிவிட்டார். அவளால் பிழைத்துக்கொண்டு அவள் வயிற்றிலேயே அடித்துவிட்டோமே என்று தன்னைத்தானே வைதுகொண்டார். அடுத்த மாதமே சம்பளத்தை உயர்த்திவிட வேண்டும், அவள் பையனுக்கு ஸ்கூல் பீஸும் கட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் மனது கொஞ்சம் ஆறியது.

"அப்ப அவளை எடுக்க மாட்டீங்கதானே?" என்று மெல்லக் கேட்டார்.

"எடுக்கறதுன்னு நாங்க எப்பவோ முடிவு பண்ணிட்டோம் சார். அவங்கதான் வரமாட்டேன்னாங்க. 'எங்கண்ணனுக்கு என் அருமை தெரியும், அவரை விட்டுட்டு வரமுடியாது, வேணும்னா நீங்களே கேட்டுப் பாருங்க'னு உங்க நம்பரைக் குடுத்ததே அவங்கதான்" என்றாள் வேதா. "பக்கத்துலதான் உக்காந்திருக்காங்க, போன் ஸ்பீக்கர்ல இருக்கு. இப்பதான் கண்ணைத் தொடைச்சிக்கிட்டு, சரி வரேன்னு தலையாட்டினாங்க."