கிரேன் நின்ற நாலு மணி நேரம்

ரோஸ் புறவாசலில் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது ஜெப்ஸி லேப்டாப்போடு வந்து எதிரே குந்தினாள்.

மகளின் கண்கள் சிவந்திருந்தன.

பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். உப்பளத்தையும் வயலையும் விட்டு ஆட்கள் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனதில் நாட்டின் உற்பத்தி எவ்வளவு கூடியது என்று அளப்பதுதான் அவள் ஆய்வு. அதற்காகத் துறைமுகத்தின் ஒரு தனியார் தளத்தில் மணிக்கு எத்தனை கன்டெய்னர் பெட்டி இறங்கியது என்ற இருபது வருடப் பதிவை அலைந்து திரிந்து வாங்கியிருந்தாள்.

அப்படி உப்பளத்தை விட்டுப் போனவர்களில் அவள் அப்பா சுந்தர்சிங்கும் ஒருவர். மணிக்கு இறக்கும் பெட்டிகள் ஏறிக்கொண்டே போன காலம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் பெட்டி மேலிருந்து விழுந்தார். ஜெப்ஸிக்கு அப்போது ஒன்பது வயது.

அந்தத் தளத்தில் அவர் பேரைச் சொல்ல ஒரு பலகைகூடக் கிடையாது. இந்த வீட்டுக்கு மிஞ்சியது ஒரே ஒரு பேச்சுதான்: சுந்தர்சிங் விழுந்த அன்று கிரேன் நாலு மணி நேரம் நின்றது. நினைவு நாள் ஜெபத்தில் போதகர்கூட அதைச் சொல்லுவார். ஜெப்ஸி பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித்தான் தலைநிமிர்ந்து நடந்தாள்.

பதிவு கைக்கு வந்த நாளிலிருந்து ரோஸுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையும் அதற்குள் இருக்குமே. பார்க்காதே என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"அந்த நாளைப் பாத்துட்டேம்மா," என்றாள் ஜெப்ஸி. "மூணு மணியிலருந்து ஏழு மணி வரைக்கும் சைபர்தான் போட்டிருக்கு. ஒரு பெட்டிகூட எறங்கல."

லேப்டாப்பைத் திறந்து காட்டவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தாள்.



அவர் விழுந்த அன்று மூன்றரை மணிக்கு ரோஸ் துறைமுக கேட்டில் நின்றிருந்தாள். உள்ளே விடவில்லை. அழக்கூடத் தோன்றாமல் கிரேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி, மறுபடியும் பச்சை. இருட்டும்வரை அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கேட்டது, அப்பாவுக்காக எல்லாரும் வேலையை நிறுத்தினாங்களா என்று. அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எந்தத் தாய்க்கு மனசு வரும்?

இப்போது அதே முகம் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

ரோஸ் குனிந்து அடுத்த மீனை எடுத்தாள்.

"அதான் நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றாள்.