குஞ்சு பொரிக்கும் வரை

“வெளுத்துப்போச்சு. அவ்வளவும் வெளுத்துப்போச்சு.”

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர், கண்ணாடி மீன்தொட்டியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னார். நேற்றுவரை தேன்நிறத்தில் மினுமினுத்த முட்டைகள், தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த மண்சட்டியின் மேல் சுண்ணாம்புப் பொட்டுகளாக நின்றன. இது ஒன்பதாவது தடவை.

சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

“விடுங்க. அடுத்த தடவை பொரிச்சிடும்.”

“போன எட்டுத் தடவையும் இதைத்தானே சொன்னே?”

அவள் தலையணையை நிமிர்த்தி வைத்து, மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

முப்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் அவர். பதினாறு மாடிக் கட்டடத்தில் நடுவழியில் சண்டித்தனம் செய்யும் லிஃப்டைக்கூட அரை மணியில் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். இப்போது கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகவே ஒரு தோள் வேண்டியிருந்தது. வயிற்றில் வளர்ந்த கட்டியைப் பார்த்துவிட்டு, மூன்று மாதம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் கைவிரித்தார். பதினாலு மாதம் ஓடிவிட்டது. ஆள் எலும்பும் தோலுமாக ஆனாரே தவிர, போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று அவர் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அங்கே டிவியில் பார்த்தாராம்.

“டிஸ்கஸ்னு ஒரு மீன். தட்டு மாதிரி வட்டமா இருக்கு. குஞ்சுங்க எல்லாம் அம்மா உடம்புல ஒட்டிக்கிட்டு, தோல்ல ஊறுறதைத் தின்னுதான் வளருமாம். அம்மா களைச்சுப் போனா அப்பா வந்து வாங்கிக்குமாம். அதை ஒரே ஒரு தடவை நேர்ல பாத்துட்டேன்னா போதும், நிம்மதியா கண்ணை மூடிடுவேன்.”

மறு வாரமே அவள் கடைக்குப் போய் ஒரு ஜோடியை வாங்கி வந்துவிட்டாள். கட்டிலை ஒட்டித் தொட்டியும் வந்தது.

வாசல் மணி அடித்தது. மீன் விற்ற தொட்டிக்காரர். முட்டை வெளுக்கும்போதெல்லாம் அவரைக் கூப்பிட்டு விசாரணை வைப்பது இந்த வீட்டு வழக்கம்.

“என்ன தம்பி, உன் மீன் என்னை இப்படிப் படுத்துது?”

தொட்டிக்காரர் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்தை மட்டும் கட்டில் பக்கம் திருப்பவில்லை.

“தண்ணிதாண்ணே சரியில்லை.”

“போன தடவையும் தண்ணின்னே, ஃபில்டரை மாத்தியாச்சு. அதுக்கு முன்னாடி வெளிச்சம்னே, திரை போட்டாச்சு. இந்த ரூம்ல இனிமே மாத்த வேண்டியது நான் ஒருத்தன்தான் பாக்கி.”

மனைவி காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“முட்டையே போடலைன்னாலும் மனசு ஆறிடும். போடுறது கொஞ்சமா? ரெண்டு ஜோடி போடுறதை இது ஒரே ஜோடி போடுது! மாத்தி மாத்திக் காவல் காக்குது, துடுப்பால விசிறி விடுது. அப்படியும் ஒண்ணுகூடப் பொரிக்கலையே.”

தொட்டிக்காரர் ஏற்கெனவே துடைத்த தெர்மாமீட்டரை மறுபடி துடைத்தார்.

“பேசாம வேற ஆணை விட்டுப் பாக்கலாமாண்ணே?”

“அதெல்லாம் வேண்டாம்,” மனைவி முந்திக்கொண்டாள். “ஒண்ணாப் பழகினதைப் பிரிக்கக் கூடாது.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேசியபோது குரல் தேய்ந்திருந்தது.

“முடியல தம்பி. உடம்பு பூரா ரணமா இருக்கு. நான் எப்பவோ போயிருக்கணும். முட்டையைப் பாத்ததும், இன்னும் ரெண்டு மூணு நாள்தானேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கிறேன். வெளுத்துடுது. சரி, அடுத்ததைப் பாத்துட்டுப் போவோம்னு மறுபடி கிடக்கிறேன். இப்படி ஒரு பொழப்பு யாருக்கும் வரக் கூடாது.”

தொட்டிக்காரர் பையை மடமடவென்று கட்டிக்கொண்டு கிளம்பினார். வழியனுப்ப மனைவியும் பின்னாலேயே போனாள். தொட்டியில் இரண்டு மீன்களும் வெளுத்த முட்டைகளுக்கு இன்னும் சளைக்காமல் விசிறிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது.

கட்டிலுக்கு மேலே இருந்த ஜன்னல் வழியாக வாசல் பேச்சு தெளிவாகக் கேட்டது.

“அக்கா, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க. அவர் மூஞ்சியைப் பாத்துப் பொய் சொல்ல என்னால ஆகலை. நாளைக்கே ஒரு ஆண் மீனைக் கொண்டுவந்து விட்டுடறேன். கொஞ்ச நாள்லயே குஞ்சைப் பாத்துடுவாரு.”

“பாத்துட்டா?”

தொட்டிக்காரர் கேட்டைத் திறக்கும் சத்தம் பாதியில் நின்றது.

“பாத்துட்டா கண்ணை மூடிடுவேன்னு சொல்லிட்டாரே தம்பி. அதுக்குப் பயந்துதானே அன்னைக்கு உன்கிட்ட ரெண்டுமே பொட்டை மீனாக் குடுன்னு கேட்டு வாங்கினேன்!”

கேட் சாத்தும் சத்தம் கேட்டது. அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து அவள் போர்வையை இழுத்து விட்டாள்.

“இந்தா,” என்றார் திரும்பாமலே. “அதுங்க அடுத்து எப்ப முட்டை போடும்?”

அவள் தடுமாறினாள். “ஒரு... பத்து நாள்ல போட்டுடும்ங்க.”

“பத்து நாள்தானே?” அவர் கையைப் பின்னால் நீட்டித் துழாவி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டார். “சரி, இருந்து பாக்கறேன்.”