இனிஷியல் முன்னால்

மொட்டைமாடியில் மேகம் கறுக்கிறது. நீல டிரம்மில் இரண்டடித் தண்ணீர்தான். அதற்குள் சென்சார் தொங்குகிறது. அதைப் படிக்கும் என் மருமகள் ஜோசலினின் வெள்ள எச்சரிக்கைப் பெட்டியோ, மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சம் அடி என்கிறது. விண்வெளி நிலையத்துக்குப் படகு அனுப்பவேண்டியதுதான். மழைக்கு முன்னால் அனகாபுத்தூர் ஆற்றுப் பாலத்தில் மாட்டியாக வேண்டிய பெட்டி. "சென்சார் ஒரு எண்ணைத் துண்டு துண்டா, பெரிய பைட்டை முதல்ல அனுப்புது மாமா. நான் பெட்டிக்குள்ள ஓடுற கர்னல் சாஃப்ட்வேரை சின்னது முதல்னு பில்டு பண்ணிட்டேன். எண்ணைத் தலைகீழா படிக்குது." "இனிஷியலைப் பின்னால போட்ட கதைம்மா. என் பாஸ்போர்ட்ல அப்பா பேர் கடைசியில வந்து, அப்படித்தான் ஏர்போர்ட்ல என்னை எங்கப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. செத்து முப்பது வருஷம் கழிச்சு துபாய் போய்ட்டு வந்தார்." சிரித்துக்கொண்டே கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றி, மறுபடி பில்டு செய்கிறாள். லேப்டாப் விசிறி இரைகிறது. டிரம்மில் முதல் தூறல் விழும்போது திரையில் ஒற்றை இலக்கம்: 2. நான் குடையை நீட்டுகிறேன். அதைப் பெட்டிக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி ஸ்கூட்டர் சாவி கேட்கிறாள்.