ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

"அம்மா, நிறுத்துங்க! கண்ணு மேலயே அடிக்கிறீங்களே!"

வெரோனிகா கல்லறைத் தோட்டத்துக்குள் ஓடிவந்தாள். புஷ்பமேரி திரும்பியும் பார்க்கவில்லை. மட்டையைச் சுண்ணாம்புச் சட்டியில் முக்கி, புருஷன் தனிஸ்லாஸின் சமாதித் தலைமாட்டுச் சுவர் மேல் இன்னொரு இழுப்பு இழுத்தாள். தனிஸ்லாஸ் சாரின் இடது கண் போச்சு.

மறுநாள் கல்லறைத் திருநாள். சுற்றிலும் எல்லாரும் அவரவர் சமாதியைக் கழுவி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்தான். ஆனால் இந்தச் சுவரில் இருந்தது அழுக்கா என்ன? போன வருஷம் வெரோனிகா வரைந்த சாரின் முகம்.

சேதராப்பட்டில் காலை ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தாள். கால் ரெண்டும் கெஞ்சியது. மழையில் மங்கியிருக்கும், கண்ணை மட்டுமாவது தீட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு சின்ன டப்பா கறுப்புப் பெயிண்ட் வாங்கி வந்திருந்தாள். அந்த முகத்துக்கு அப்புறம் அவள் ஒரு கோடு போட்டதில்லை. வேலை, வீடு, தூக்கம், மறுபடி வேலை. அந்தப் படம் சுவரில் இருக்கும்வரைக்கும் தானும் வரைகிறவள்தான் என்று ஒரு நப்பாசை.

"உங்களுக்கு எப்படிம்மா மனசு வருது?"

"வருது. தள்ளி நில்லு, மேல தெறிக்கும்."

என்ன பொம்பளை இவள்! சார் இருந்தபோதும் இப்படித்தான்.

தனிஸ்லாஸ் சார் வாத்தியார்கூட இல்லை, முனிசிபாலிட்டி குமாஸ்தா. குருசுக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவில் பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற அத்தனை பிள்ளைகளும் அங்கேதான் கிடக்கும். ஆளுக்கொரு கரித்துண்டு கொடுப்பார்.

"என்ன சார் வரையணும்?"

"என்னைக் கேட்டா? உனக்குள்ள இருக்கிறது உனக்குத்தானே தெரியும்."

பேயை வரைந்தாலும் "அடடா!" என்பார். வீட்டில் திட்டும் பள்ளிக்கூடத்தில் குட்டும் வாங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு "அடடா" ஒரு வாரத்துக்குத் தாங்கும்.

அடுத்த ஞாயிறு போனால் சுவர் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். போன வாரக் கிறுக்கல் ஒன்றும் இருக்காது.

"நமக்காக வாராவாரம் வெள்ளையடிச்சு சார் எவ்ளோ கஷ்டப்படுறாரு பாரு" என்பான் கூட வரைகிற ரெக்ஸ்.

புஷ்பமேரியோ கதவோரம் நின்று கரித்துக்கொட்டுவாள். "வீடெல்லாம் கரி! ஏன், உங்க வீட்டுல சுவரே இல்லையா?" வெடித்துப்போன கையால் விளக்குமாற்றைப் பிடித்துப் பரபரவென்று பெருக்குவாள். பாவம் சார், அவருக்கு வாய்த்தது அவ்வளவுதான் என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளும்.

இப்போது சாரின் மூக்கும் போயிருந்தது.

"உயிரோட இருந்தப்பவும் அவரை நிம்மதியா விடலை. இப்ப முகத்தையும் விட மாட்டீங்க." வெரோனிகா இன்னும் கிட்டே வந்தாள். "சார் இருந்தா இப்படி அழிப்பாரா?"

"மாட்டாரு."

"தெரியுதில்ல?"

"அவரு எங்க அழிப்பாரு!" புஷ்பமேரி மட்டையைச் சட்டி விளிம்பில் வழித்தாள். "ஒரே ஒரு தடவை சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். அன்னைக்கு உன் படம்தான் இருந்துச்சு. என்னமோ ஆறு கால் வெச்ச மாடு."

"குதிரைம்மா. ஓடுற குதிரை."

"ஏதோ ஒண்ணு. அது எதிர்ல சட்டியோட குந்திக்கினு, 'புள்ள ஆசையா வரைஞ்சிருக்குதே மேரி'ன்னு அழுவுறாரு. அழுதா ஆச்சா? அழிக்காம வுட்டா மறுவாரம் நீங்கள்லாம் எங்க வரைவீங்க? மட்டையைப் புடுங்கி நானே அடிச்சேன். அன்னையிலேர்ந்து சனிக்கிழமைன்னா எனக்கு அதான் வேலை."

வெரோனிகா அந்தக் கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு தின்ற கை. மீன் அலசி அலசி வெடித்த கை என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லலை?"

"எதுக்கு? அவரு அடிக்கிறாருன்னு சந்தோஷமா இருந்தீங்க. இருந்துட்டுப் போங்கன்னு வுட்டுட்டேன். படத்தை அழிச்ச கை இதுன்னு தெரிஞ்சா ஒரு புள்ளயாவது எங்க வூட்டுக்குள்ள வந்திருக்குமா?"

வெரோனிகாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. போன வருஷம் சாருக்கு மாலை வாங்கி வந்தாள், மெழுகுவர்த்தி வாங்கி வந்தாள். இந்த அம்மா வீட்டுப் படியை ஒரு நாள் மிதித்திருக்கிறாளா? சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கிறாளா?

பக்கத்தில் உட்கார்ந்து சட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"இந்த ஒண்ணை மட்டும் வுட்டிருக்கலாம்மா. நான் கடைசியா வரைஞ்சது இதுதான்."

"தெரியும். ரெக்ஸ் சொன்னான்."

புஷ்பமேரி குனிந்து, மிச்சமிருந்த சாரின் சிரிப்பு மேலும் ஒரு இழுப்பு இழுத்தாள். சுவர் முழுசும் வெள்ளையானது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மெழுகுவர்த்திப் பைக்குள் கையை விட்டு ஒரு கரித்துண்டை எடுத்து வெரோனிகாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அதுக்குத்தான்டி அழிச்சேன். காயட்டும், அடுத்ததை வரை."