அருள்மேரியின் பல்வலி

இந்தக் காலத்து ஆட்கள் செத்தவர்களைக்கூடச் சும்மா விடுவதில்லை என்று அந்தோணிமுத்துவுக்கு எரிச்சல்.

கீழ்வேளூர்ப் பக்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் முறைக்குக் காத்துக்கொண்டு, கொட்டிவைத்த நெல்லைக் காலால் கிளறிக் காயவிட்டுக்கொண்டிருந்தார். அங்கேயே தேடி வந்துவிட்டாள் அந்த இளம் டாக்டர், வானதி. பெண்களுக்கு வரும் மாரடைப்பைப் பற்றி ஆராய்ச்சியாம். வீட்டில் திடீரென்று இறந்துபோன பெண்களைப் பற்றி ஊர் ஊராக விசாரிக்கிறாளாம்.

"எம் பொண்டாட்டி பல்லப் புடுங்கிச் செத்தா. மாரடைப்புல சாவல. வேற வீட்டப் பாரும்மா."

"புடுங்குறதுக்கு முன்னாடி ஒடம்புக்கு என்ன பண்ணுச்சுன்னு மட்டும் சொல்லுங்கய்யா."

சொன்னால் போய்த் தொலைவாள் என்று சொன்னார்.

நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அருள்மேரி தாடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தாள். ஐப்பசிக் குளிரிலும் ரவிக்கை நனைய வேர்த்தது. குமட்டியது. சொத்தைப் பல் ஒன்று ஏற்கெனவே இருந்தது. வண்டியில் ஏற்றிப் பல் டாக்டரிடம் கொண்டுபோனார். அங்கே பிடுங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தாள்.

கொன்றது பல் டாக்டர்தான். இதை அவர் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் அன்றோடு கால் வைப்பதையும் விட்டார்.

வானதி எழுதுவதை நிறுத்தினாள்.

"ஐயா, அது அனேகமா பல்வலி இல்லீங்க. பொம்பளைங்களுக்குச் சில சமயம் நெஞ்சு வலிக்காமலே மாரடைப்பு வரும். தாடைவலி, வேர்வை, குமட்டல், எல்லாம் அதான். பல்லப் புடுங்குனதால சாவல."

நெல்லுக்குள் அவர் கால் அப்படியே நின்றுவிட்டது.

பிறகுதான் பொறி தட்டியது. பல் டாக்டர் ஆள் அனுப்பித் தன் பேரைக் கழுவப் பார்க்கிறாள்.

"ரோஸ்லின் அனுப்புனாளா ஒன்ன?"

"ரோஸ்லினா? யாருங்க அது?"

நெல் வியாபாரியின் மூஞ்சியைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கிறவர் அவர். அந்தப் பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

அடக்கத்தன்று, குழியில் போட ஒரு பிடி மண் அள்ளிய ரோஸ்லினின் மணிக்கட்டை முறுக்கி, மண்ணை உதறவைத்தவர் அவர்தான். கொன்ன கையால போடாதே என்று கல்லறைத் தோட்டத்தை விட்டே வெளியே தள்ளினார்.

ரோஸ்லின் அவருக்கு ஒரே மகள்.

"ஐயா, யாருங்க ரோஸ்லின்?"

நெல்லை அப்படியே போட்டுவிட்டு நடந்தார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு அவ சொல்லவே இல்லையே," என்றார், யாரிடமோ. "வலிச்சிருந்தா சொல்லியிருப்பாளே."