முதல் வரிசை மாணவன்

பல்கலைக்கழகத்தின் பழைய கணினியில் மாணவர் பட்டியலின் முதல் வரிசை காலியாக இருந்தால் யாருடைய தேர்வு முடிவும் அச்சாகாது. அதற்காகவே இருபத்தாறு வருடங்களுக்கு முன், தேர்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில், பூங்கோதை இல்லாத ஒரு மாணவனை அங்கே உட்கார வைத்தார். நிலவழகன் என்று பெயரும் வைத்தார். ஒவ்வொரு பருவத்திலும் அவனுக்கு எல்லாத் தாள்களிலும் ‘வரவில்லை’ என்று போட்ட பிறகுதான் மற்றவர்களின் முடிவுகள் வெளியே வரும். ஒருமுறை பூங்கோதை அம்மை கண்டு விடுப்பில் இருந்தபோது யாரும் அதைப் போடவில்லை. நாற்பதாயிரம் பேரின் முடிவுகள் நான்கு நாட்கள் நின்றுபோயின.

புதிய மென்பொருளுக்குப் பதிவுகளை மாற்ற வந்த இர்ஃபான் அந்தப் பெயரைப் பார்த்துத் திகைத்தார்.

“மேடம், யாரு இது? அம்பத்திரண்டு செமஸ்டரா ஒரு பரீட்சைகூட எழுதல.”

பூங்கோதை விவரத்தைச் சொன்னார்.

“புதுசுல இதெல்லாம் வேணாம் மேடம். எடுத்துடலாம். காரணம் மட்டும் கேக்குது.”

திரையில் மூன்று காரணங்கள் இருந்தன. ஒழுங்கு நடவடிக்கை, இறப்பு, மாற்றுச் சான்றிதழ். பூங்கோதை இரண்டாவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டி.சி. குடுத்தே அனுப்பிடுவோம் தம்பி.”

சான்றிதழ் அச்சாகி வந்தது. நடத்தை என்ற இடத்தில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். முத்திரை குத்திக் கவுன்ட்டரில் வைத்தார்.

ஐந்து மணிக்கு ஜன்னலைச் சாத்த வந்த அலுவலக உதவியாளர் செல்லக்கண்ணுவைக் கையமர்த்தினார்.

“கொஞ்சம் பொறுங்க. டி.சி. வாங்க ஒரு பையன் பாக்கி. இன்னைக்காவது வரட்டும்.”